ரோஸ்விதாவின் நாக்கு

பொய் சொல்வதில் நான் ஒன்றும் கைதேர்ந்தவன் இல்லை. இருந்தும் ஆறு வருடமாக ஒரே பொய்யைச் சொல்லி, ஒரு வயதான தம்பதியைக் கிறிஸ்துமஸ் சந்தை கிறிஸ்துமஸ் சந்தையாக அலைக்கழித்தேன்.

நான் எவால்ட், சுற்றுலா பஸ் டிரைவர். நெதர்லாந்து எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் ரோஸ்விதாவும் லூட்கரும் எனக்குப் பக்கத்து வீடு. ரோஸ்விதா முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தவர். பெரிய டாக்டரே வந்து நின்றாலும், ரோஸ்விதா உப்புப் பார்க்காமல் ஒரு கரண்டி சூப் வெளியே போகாது. லூட்கர் தச்சர். முன்கோபி. இப்போது கண் மங்கி, எதிரில் நிற்பவரின் முகம் தெரியாத அளவுக்கு வந்துவிட்டார்.

நிக்கோலாஸ் திருநாளுக்கு முந்தின நாள் எங்கள் பக்கத்தில் மர அச்சில் மாவை அழுத்தி மசாலா பிஸ்கட் சுடாத வீடு கிடையாது. அவர்கள் வீட்டு அச்சில் செதுக்கியிருந்தது ஒரு காற்றாலை. அதன் ஒரு இறக்கையில் விரிசல் இருந்தது. அதனால் ஒவ்வொரு பிஸ்கட்டிலும் அந்த இடத்தில் ஒரு தழும்பு விழும். பத்தொன்பது வருடத்துக்கு முன் அப்படியொரு நாளில்தான் அவர்களுடைய ஒரே மகள் அன்கே, தனக்குப் பிடித்தவனோடு போகப்போவதாகச் சொன்னாள். "வாசலத் தாண்டினா திரும்பி வராத!" என்று லூட்கர் கத்தியது என் வீட்டுக்கே கேட்டது. அவள் தாண்டினாள். போகும்போது அச்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு ஒரு கடிதம்கூட இல்லை.

அடுத்த டிசம்பரிலிருந்து என் பஸ்ஸில் முன்சீட்டு அவர்களுக்கு. ஆகென், லியேஜ், ஸ்ட்ராஸ்பூர்க், கோல்மார் என்று எத்தனையோ ஊர். உருளைக்கிழங்கு அடையோ சுட்ட செஸ்நட்டோ, எதை வாங்கினாலும் ஒன்றுதான் வாங்குவார்கள். பாதி அவருக்கு, பாதி இவருக்கு. பார்க்கிறவர்கள், தின்னத்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள் என்று கேலி செய்வார்கள். பிஸ்கட் கடை வந்தால் மட்டும் ரோஸ்விதாவின் முகம் மாறிவிடும். முதலில் தழும்பைத் தேடுவார். பிறகு நாக்கில் வைத்து, தான் போடும் மிளகையும் எலுமிச்சைத் தோலையும் தேடுவார். மகள் வயிற்றுப் பிழைப்புக்கு அதைத்தான் செய்வாள் என்பது அவருடைய நம்பிக்கை.

நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் வேறொரு கூட்டத்தோடு மொன்ஷாவ் சந்தைக்குப் போனபோது, நான் வாங்கிய பிஸ்கட்டில் அந்தத் தழும்பு இருந்தது. நிமிர்ந்தால் அன்கே நிற்கிறாள்.

"அவங்களக் கூட்டிட்டு வந்துடாதீங்க எவால்ட்," என்றாள். "அப்பா கத்தினதக்கூட மறந்திருப்பேன். அம்மா ஒரு வார்த்த பேசல. தல நிமிராம மாவ அழுத்திக்கிட்டே இருந்தாங்க. கடைசியில அவங்க கையிலிருந்து அச்சப் பிடுங்கிக்கிட்டு வந்தேன். அப்பவும் நிமிரல."

சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து ரோஸ்விதா மொன்ஷாவ் பேரை எடுத்தாலே, "அந்த மலைச் சந்துல பஸ் திரும்பாது," என்பேன். வீட்டுக்கு வந்தால் தூக்கம் பிடிக்காது. சர்ச்சில் ரோஸ்விதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எனக்கு வியர்க்கும்.

இந்த வருடம் பஸ்ஸில் ரோஸ்விதா காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிக் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. நான் பார்த்துவிட்டதைப் பார்த்தார்.

"வசந்தத்துல வந்த காய்ச்சலோட போச்சு. ருசியும் இல்ல, வாசனையும் இல்ல," என்றார் மெதுவாக. "லூட்கர்கிட்ட உளறிடாத. அவரு என் நாக்க நம்பித்தான் வர்றாரு. சரி, பாடகர் குழுவ மொன்ஷாவுக்குக் கூட்டிட்டுப் போனியாமே? அவங்களுக்கு மட்டும் பஸ் திரும்புச்சா?"

மாட்டிக்கொண்டேன். சத்தியம் ஒரு பக்கம், உப்புக் காப்பி ஒரு பக்கம். வண்டியை மொன்ஷாவுக்கே விட்டேன்.

அன்கே கூரைக்கடியில் நின்று அச்சில் மாவை அழுத்திக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. உதவிக்கு நின்ற பெண்ணிடம் ரோஸ்விதா ஒரு பிஸ்கட் வாங்கினார். தழும்பைக் கட்டைவிரலால் தடவினார். ஒடித்து, வழக்கம்போல் முதல் பாதியை லூட்கரிடம் கொடுத்தார்.

லூட்கர் மெல்லுவதை நிறுத்தினார். "ரோஸ்விதா... மிளகு. எலுமிச்சத் தோலு. இது உன்னோடதுடி!"

அப்பாவின் குரல் கேட்டதும் அன்கேயின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி அழுத்த ஆரம்பித்தது. தலை நிமிரவில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் ரோஸ்விதா நின்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கூப்பிடுங்கள், கூப்பிட்டுத் தொலையுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. ரோஸ்விதா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை அழுத்தின, தட்டின, மறுபடி அழுத்தின.

கடைசியில் தன் பாதியை வாயில் போட்டு, ருசியே தெரியாத அதை நிதானமாக மென்று விழுங்கினார்.

"இல்ல லூட்கர். இஞ்சி தூக்கலா இருக்கு. நம்மளோடது இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

லூட்கர் ரோஸ்விதாவின் நாக்கை ஒருநாளும் சந்தேகித்ததில்லை. "நீ சொன்னா சரிதான்," என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் லூட்கரைச் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, ரோஸ்விதா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தன வருஷமா?"

"ஆறு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே," என்றேன்.

"அன்னிக்கு அவ என் முன்னாடி இப்படித்தான் நின்னுக்கிட்டிருந்தா எவால்ட். எவ்வளவு நேரம் நின்னான்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அதற்குள் லூட்கர் குரல் கொடுத்தார். "ரோஸ்விதா, அடுத்த வருஷம் எங்க போறோம்?"

ரோஸ்விதா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோல்மாருக்கு. ஆத்தோரமா நாலு கட பாக்காம வந்துட்டோம்."

நான் வண்டியைக் கிளப்பினேன். அந்தச் சந்தில் பஸ் ஒரே திருப்பில் திரும்பிவிட்டது.