மார்பில் மை, பஸ்ஸில் இடம்

இன்று பஸ்ஸில் ஒரு நல்ல காரியம் நடந்தது.

மார்புப் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துக்கொண்டு நானும் செல்வியும் ஏறினோம். செல்வி பொன்முடித் தேயிலை எஸ்டேட்காரி. கரண்டை அழாமல் வைத்துக்கொள்ள என்னைப் பழக்கியவள். கரண்டில் அக்குள் வெந்துபோய், மேல்கம்பியைப் பிடிக்க அவளுக்குக் கை எழவில்லை.

எனக்கு இடம் கிடைத்தது, எங்கள் தெரு மாமியின் பக்கத்தில்.

"குளிச்சு எத்தனை நாளாச்சு? இப்படியே எங்காத்துக் கொலுவுக்கு வந்துடாதேள்" என்றாள் மாமி.

"கரண்டுக்கு அடையாளமா மார்ல போட்ட மை அழியப்படாதுன்னு டாக்டர் உத்தரவு" என்றேன்.

செல்வி மாமியின் காதருகே குனிந்தாள். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வியாதியாக்கும். தொட்டா ஒட்டிக்கும்."

மாமி துள்ளி எழுந்தாள். செல்வி உட்கார்ந்தாள்.

ஒட்டாது என்று எனக்குத் தெரியும். கோட்டை ஸ்டாப் வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

மாமியாத்துக் கொலுவுக்கு நானும் செல்வியும் போகிறோம். கூட யார் வருகிறீர்கள்?