கர்த்தர் உணர்த்திய யூரோ

கிறிஸ்துதாஸ் பிரதருக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் வேலை. எங்கள் தெருதான், எங்கள் சபைதான். தங்கமான மனிதர். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்டால், இறங்குவதற்குள் மூன்று வேளைச் சாப்பாட்டையும் அவருக்கு வகுத்துக் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் கையில் அந்நியச் செலாவணி பற்றிய புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும்?

கிடைத்ததற்குக் காரணம் மகள் ஜோஸ்லின். மெக்கானிக்கல் படித்துவிட்டு வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்த பெண். ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. படிப்புக்குப் பெரிய செலவில்லை. ஆனால் அங்கே ஒரு வருடம் சாப்பிட்டு, தங்கப் போதுமான பணத்தை யூரோவாக மாற்றி, முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால்தான் விசா. வாலாஜாபாத் பக்கம் இருந்த ஒரே மனையை விற்றார்கள். அன்றைய ரேட்டுக்கு அந்தப் பணம் போதும், கையில் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.

மனை பேரம் நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் பிரதர் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் மூன்று தடித்த புத்தகங்களோடு வந்தார். மூன்றும் ஆங்கிலம். கையில் அகராதியோடு பஸ்ஸில் படித்தார், கேன்டீனில் படித்தார், எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும் படித்தார். நான் கம்பெனிகளுக்கு யூனிபார்ம் தைப்பவள். பேன்ட்டுக்கு ஜிப் மாற்றக் கொடுக்க வந்தவர் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

"சிஸ்டர், கல்யாணத்துக்கு பிரியாணி மாஸ்டர்கிட்ட முன்னாடியே அட்வான்ஸ் குடுத்து ரேட்டு பேசிடறோம் இல்ல? அப்புறம் கறி வெலை ஏறினா நமக்கு இன்னா? அதான் பார்வர்டு. பாதிப் பணத்த இன்னைக்கே மாத்திட்டு மீதிய அப்புறம் மாத்தினா, ரேட்டு எங்க போனாலும் அடி பாதிதான். அதான் ஹெட்ஜிங். இன்னா புரிஞ்சுதா?"

எனக்குப் புரிந்தது. அவரும் புரிந்துகொண்டுதான் சொன்னார். அதனால்தான் பின்னால் நடந்ததை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அவர் கெட்டதற்குக் காரணம் ஒரு சின்ன வெற்றி. எங்கள் பாஸ்டரின் மச்சான் துபாயிலிருந்து பணம் அனுப்ப இருந்தார். "ரெண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்க, ரூபா இன்னும் இறங்கும்" என்றார் பிரதர். சொன்னபடியே இறங்கியது, துபாய்ப் பணத்துக்குக் கூடுதல் ரூபாய் கிடைத்தது. அவ்வளவுதான். கம்பெனி பிரின்டரில் கோடு கோடாக வரைபடம் எடுத்து, ஸ்கேல் வைத்து அதன்மேல் இன்னும் கோடு போட ஆரம்பித்தார். யூரோ இறங்கி இறங்கி டாலருக்குச் சமமாக வந்துவிடும் என்பது அவர் கணிப்பு. அன்றைக்குப் பெரிய பெரிய ஆட்களே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்களாம். இருக்கட்டும், அவர்கள் யாரும் எங்கள் சபையில் ஏறி மைக் பிடிக்கவில்லை.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் உண்டு. நன்மை பெற்றவர்கள் எழுந்து முன்னால் போய்ச் சொல்லுவார்கள். கட்டி கரைந்தது, வேலை நிரந்தரமானது, லாரி இடிக்காமல் தப்பியது, இப்படி. சில பேர் நடக்கும் முன்பே, நடந்துவிட்டதாக விசுவாசத்தில் அறிக்கை செய்வதும் உண்டு. மனை விற்ற பணம் பேங்கில் விழுந்த வாரம் கிறிஸ்துதாஸ் பிரதர் முன்னால் போனார். வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம்.

"என் மகளுக்கு யூரோ வாங்கணும். கர்த்தர் எனக்கு உணர்த்தினார், யூரோ இறங்கும்னு. அதுவரைக்கும் ஒரு பைசா மாத்தமாட்டேன். விசுவாசத்துல சொல்றேன், என் மகள் பணம் மிச்சத்தோட ஜெர்மனி போவா!"

கூரைத் தகரம் அதிர அல்லேலூயா எழுந்தது. பாஸ்டர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். நானும் கைதட்டினேன். புத்தகம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை என்பது அன்று என் காதில் படவில்லை.

அடுத்த மாதமே யூரோ ஏறத் தொடங்கியது. ஏன் ஏறியது என்று கேட்காதீர்கள். ஏறிய பிறகு காரணம் சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். முதலில் ரெண்டு ரூபாய், பிறகு நாலு. "இது சும்மா ஒரு துள்ளல்" என்றார் பிரதர். மனை விற்ற பணம் போதாமல் போய், ஒரு யூரோ நூறு ரூபாயைத் தொடப்போகிறது என்று செய்தி வந்த அன்று அவர் வீட்டில் எழுந்த சத்தம் என் தையல் மிஷினைத் தாண்டிக் கேட்டது. நான் போய் வாசலில் நின்றேன். அவர் மனைவி அன்னபுஷ்பம் அடுப்படியிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"பாதியாவது இன்னைக்கு மாத்தித் தொலைய்யா. நீதான ஊருக்கெல்லாம் பாதி பாதின்னு பாடம் எடுத்துகினு இருந்த?"

"பாதி மாத்தினா இன்னா அர்த்தம்? கர்த்தர் மேல பாதி சந்தேகம்னு அர்த்தம்."

"கொறையறத என் தம்பி தர்றேங்கறான். வாங்கிக்கோயேன். பொண்ணுக்கு விசா தேதி வந்துட்டுகீதே!"

"கைமாத்து வாங்கினா சபை இன்னா சொல்லும்? நான் சொன்னது பொய்யின்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்டி."

ஜோஸ்லின் கட்டிலில் உட்கார்ந்து ஜெர்மன் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரட்டாமல் ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசா நேர்காணலுக்குப் போகும்போது பணம் கட்டிய அத்தாட்சி வேண்டும். அது இல்லாததால் அந்தத் தேதியை விட்டார்கள். அடுத்த தேதி, அங்கே வகுப்பு தொடங்கி வெகுநாள் கழித்துத்தான் கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டாள். அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லிப் பதில் வந்தது. அன்னபுஷ்பத்தின் தம்பி தருவதாகச் சொன்ன தொகை ஒன்றும் மலையில்லை. அதை நினைத்துத்தான் அன்னபுஷ்பம் என் கடையில் வந்து உட்கார்ந்து, தைத்து வைத்த யூனிபார்ம் ஒன்றை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பிரதருக்குப் புத்தி வந்தது. வந்து என்ன பயன்? புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டார். சபையில் முன்வரிசை மனிதர் கடைசி வரிசைக்குப் போனார், பிறகு தூணுக்குப் பின்னால் போனார். காணிக்கைப் பை வரும்போது குனிந்து செருப்பைச் சரிசெய்வார். வாலிபப் பையன்கள் அவருக்கு யூரோ பிரதர் என்று பெயர் வைத்தது அவர் காதுக்கு எட்டிவிட்டது. கம்பெனியிலும் அப்படித்தான். ஃபைனான்ஸ் ஆள் ஒருவர் ஏதோ ஜப்பான் இறக்குமதி பில்லை நீட்டி, "யென் எப்படி சார் போகும்?" என்று சாதாரணமாகக் கேட்டாராம். இவர் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். வெட்கம் அவரை அரித்தது, உடம்பு பாதியாகிவிட்டது. இனிமேல் சபைக்கே வரப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு அவரை அன்னபுஷ்பம் இழுத்துக்கொண்டுதான் வந்தாள். சாட்சி நேரத்தில் ஜோஸ்லின் எழுந்தாள். அவள் மைக் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

"நான் ஜெர்மனி போகலைன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்குப் போக இஷ்டமே இல்ல. அப்பா அம்மாவ விட்டுட்டு எப்படி இருப்பேன்னு நான்தான் தினமும் அழுது ஜெபம் பண்ணேன். அப்பாவும் ஜெபிச்சாரு, நானும் ஜெபிச்சேன். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டுட்டாரு. அவருக்கு ஸ்தோத்திரம்."

சிரிப்பும் அல்லேலூயாவும் கலந்து எழுந்தன. பாஸ்டர் முகத்தில் உயிர் வந்தது. கேலி செய்த பையன்களே கைதட்டினார்கள். சிலர் தூணுக்குப் பின்னால் போய் கிறிஸ்துதாஸ் பிரதரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் கையை அவர்கள் குலுக்கினார்கள் என்பதுதான் சரி. அது துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஷிப்ட் முடிந்து வந்து கண் எரிய எரிய ஜெர்மன் படித்தது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். போக இஷ்டமில்லையாம்.

ஆராதனை முடிந்து நாங்கள் நான்கு பேரும் சாலையோரமாக நடந்தோம். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு லாரி கடந்ததும் பிரதர் நின்றார்.

"ஏம்மா, சபையில போய் பொய் சொன்ன? எனக்காக நீ ஏன் பொய் சொல்லணும்? நான் தலை குனிஞ்சா குனிஞ்சிட்டுப் போறேன்."

ஜோஸ்லினும் நின்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா? நெசமாவே உனக்குக் கர்த்தர் உணர்த்தினாரா?"

அவர் வேதாகமத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவர் சொன்னது நடக்காம போகாது இல்ல? அப்ப தப்பு என்கிட்டதான் இருக்கணும்னு நெனச்சேன். நான் இன்னா பாவம் பண்ணேன்னு இத்தன மாசமா தேடிகினே இருக்கேன்ப்பா. உபவாசம்கூட இருந்தேன். ஒண்ணும் கெடைக்கல."

அன்னபுஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரதர் மகளைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்லம்மா. அவர் எனக்கு ஒண்ணுமே சொல்லல. நான் புக்குலதான் படிச்சேன்."