தூணுக்குள் நூல் கோத்தவர்

தன் உயிர் மனைவியின் கையில் இருப்பதாக எல்லாக் கணவன்மாரும் சொல்வார்கள். அதைக் கயிறு கட்டி நிரூபிப்பவர், முக்குளிக்கிறவர் என்பதால் நாங்கள் பட்டப்பெயர் வைத்த எங்கள் ஆமையார் ஒருவர்தான். ஆற்றுப் பாலத்தின் இரும்புத் தூண்களைத் தண்ணீருக்கடியில் பழுதுபார்ப்பது அவர் தொழில். படகில் உட்கார்ந்து அவருடைய இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பது மனைவியின் தொழில். ஓர் இழுப்பு என்றால் 'நல்லா இருக்கேன்'. இரண்டு, 'கயிறு விடு'. நான்கு, 'மேலே தூக்கு'. இருபது வருஷத் தாம்பத்தியத்தில் வீட்டில் இவ்வளவு தெளிவாக அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. 'மன்னிச்சிடு' என்பதற்கு ஐந்து இழுப்பு வைக்கலாமே என்று அம்மையார் ஒருமுறை கேட்டார். கயிறு தேய்ந்துவிடும் என்று இவர் மறுத்துவிட்டார்.

அடியில் ஒரே சேறு, கண்ணுக்கு வேலையில்லை. தூணில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிவிட்டுச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல இரும்பு மணிக்கட்டைத் திருப்பி அடிக்கும். அன்று ஏழாம் தூண் திருப்பி அடிக்கவில்லை. சுத்தியல் உள்ளே போய்விட்டது! பின்னாலேயே கையை விட்டார். குழாய்த் தூணுக்குள் தண்ணீர் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் மறுபக்கமும் ஓட்டை.

"சார், ஏழு செத்துப்போச்சு!" என்றார் மேலே வந்து.

படகில் இருந்த புது என்ஜினியர் ஏற்கெனவே கேமரா இறக்கிப் படம் எடுத்திருந்தார். படத்தில் தூண் கொழுகொழுவென்றுதான் இருந்தது. அது சிப்பி போட்ட சதை என்பது கேமராவுக்குத் தெரியுமா?

"அண்ணே, தூண் நலம்னு ரிப்போர்ட் எழுதியாச்சு. நாளைக்குக் காலைல சிமெண்ட் லாரி எல்லாம் போகுது."

"தூணை விசாரிச்சீங்களா?"

"கிண்டல் வேணாம். ஆதாரம் காட்டுங்க. மேல அணை திறந்து தண்ணி வேகமெடுக்க அரை மணிதான் இருக்கு. காட்டலேன்னா லாரி போகும், நீங்க இந்தப் பாலத்துப் பக்கமே வரக்கூடாது."

"கொஞ்சம் துருவை அள்ளிட்டு வாங்களேன்," என்றார் அம்மையார்.

"எந்தத் தூணோட துருன்னு கேப்பாரு."

ஆமையாரின் பார்வை, படகில் துணி காய்ந்துகொண்டிருந்த நைலான் கயிற்றின்மேல் விழுந்தது.

"ஐயோ, சட்டை எங்கங்க காயும்?"

"லாரி விழுந்தா எல்லாரும் சேர்ந்தே நனையலாம்!"

கயிற்றின் ஒரு முனையை என்ஜினியர் கையில் திணித்தார். மறுமுனையோடு ஒரு சிவப்பு மிதவையையும் நீளக் கம்பியையும் எடுத்துக்கொண்டு குதித்தார்.

பத்து நிமிஷம். பதினைந்து. அம்மையார் இடுப்புக் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தார். பதில் இல்லை. மறுபடி இழுத்தார். இல்லை. "தூக்கப் போறேன் தம்பி!" என்று எழுந்தபோது கயிறு துடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஐந்து!

"சட்டைக்காகவா?" என்று ஆற்றைப் பார்த்துக் கேட்டார் அம்மையார்.

அடுத்த நொடி தூணின் அந்தப் பக்கம் மிதவை குபுக்கென்று மேலே வந்தது. படகைச் சுற்றி ஓட்டி, அதில் கட்டிய முனையை என்ஜினியரின் இடது கையில் கொடுத்தார் அம்மையார். வலது கை முனையை அவர் இழுத்தார். இடது கை தூணை நோக்கிப் போனது. இடதை இழுத்தார், வலது போனது. ஊசிக்காதில் நூல் ஓடுவதுபோல் பாலத்தின் தூணுக்குள் துணிக்கயிறு ஓடியது. நம்ப முடியாமல் வேகவேகமாக இழுத்தார்.

ஆமையார் தண்ணீருக்கு மேலே தலை நீட்டினார்.

"மெதுவா சார்! அறுந்துடப் போகுது."

"கயிறா?"

"தூணு."

மறுநாள் லாரிகள் சுற்றுவழியில் போயின. ஏழாம் தூணுக்கு எஃகுச் சட்டை போட ஒன்பது நாள் ஆனது. துணிக்கயிறு ஆதாரமாகத் தூணிலேயே கிடந்ததால், அதுவரை ஆமையாரின் சட்டைகள் பாலத்தின் கைப்பிடியில்தான் காய்ந்தன, என்ஜினியரின் எழுத்துப்பூர்வமான அனுமதியோடு.