மேல் நரம்பு மட்டும்

ஏழு வயதில் நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன். அதிலும் சித்தி மகனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்றால் ஏதோ சூது இருக்கிறதென்று முடிவே கட்டிவிடுவேன். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

எங்கள் இருவருக்கும் பால் கடைவாய்ப் பல் ஒரே சமயத்தில் சொத்தையானது. அம்மாவும் சித்தியும் பக்கத்து ஊரான கணபதியில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மகனுக்கு ராத்திரியில் தானாகவே வலிக்கிறது என்று சித்தி சொன்னதும், வேர்வரை நரம்பை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அடுத்து என் முறை.

"பாப்பாவுக்கும் ராத்திரியில தானா வலிக்குதுங்களா?"

"இல்லீங்க. எதாச்சும் தின்னா மட்டும்தானுங்க" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வாரமாக இரவெல்லாம் அழுது, அம்மா ஊற்றிய மருந்தைக் குடித்துத்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"அப்ப மேல் நரம்ப மட்டும் எடுத்து மருந்து வெச்சாப் போதுங்க."

அவனுக்கு முழு வைத்தியம், எனக்கு அரை வைத்தியம்! பெற்ற அம்மாவே ஓரவஞ்சனை செய்கிறாள்.

அம்மா அப்போதுதான் ஒரு பம்ப் கம்பெனியில் ஆசையாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பிள்ளைக்கு ஒரு குறை வந்தாலும் நின்றுவிட வேண்டும் என்பது தாத்தா போட்ட நிபந்தனை. சித்தி காதில் விழுவது தாத்தா காதுக்குப் போக அதிக நேரம் ஆகாது.

டாக்டர் பல்லைத் திறந்து மேல் நரம்பை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினார். ரத்தம் நிற்கவில்லை. மறுபடி அழுத்தியும் நிற்கவில்லை.

"வேர் வரைக்கும் புண்ணாயிருக்குமாட்ட இருக்குதுங்க. நெசமாலுமே ராத்திரி வலிக்கலீங்களா? இப்படியே மூடுனா சீழ் வெச்சுக்கும்."

அம்மா சித்தியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வலிக்குதுங்க. ஒரு வாரமா சரியாத் தூங்கறதே இல்லீங்க. நாந்தான் மருந்தக் குடுத்துப்போட்டு வேலைக்குப் போயிட்டிருந்தனுங்க."

சித்தி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எனக்கும் வேர்வரை சுத்தம் செய்து, ஸ்டீல் கேப் போட்டார்கள். வீடு வரும்வரை சித்தி மகனிடம் வாயைப் பிளந்து காட்டிக்கொண்டே வந்தேன். டாக்டர் அதட்டியிராவிட்டால் அம்மா எனக்கு இதை வாங்கித் தந்திருக்கவே மாட்டாள் என்றும் சொன்னேன்.

திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. எனக்கு ஒரே குஷி. தலை பின்னிவிடும்போது பார்த்தால் அவள் கண் சிவந்திருந்தது. பல் வலியா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல கண்ணு."

பல் விஷயத்தில் அம்மா பொய் சொல்வாள் என்பதுதான் எனக்குத் தெரியுமே. வாயைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தேன். ஒரு சொத்தைகூட இல்லை.