கண்டக்டர் மாத்ருபூதம் மயங்கி விழுந்த கதை

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து குளித்தலை போகும் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடங்களாகக் கண்டக்டர் மாத்ருபூதம். வயது ஐம்பத்தொன்று. வீடு எடமலைப்பட்டி புதூரில். படிக்கட்டில் தொங்கும் காலேஜ் பையன்களை உள்ளே வரவைக்க அவர் இடத்தை விட்டு நகர வேண்டியதில்லை. பின்பக்கத்திலிருந்து ஒரு "ஏய்" போதும். ஒருமுறை குடித்துவிட்டுக் கத்தியைக் காட்டி மிரட்டியவனை, காலரைப் பிடித்து முத்தரசநல்லூரில் இறக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல அடுத்த சீட்டுக்கு டிக்கெட் போட்டார்.

அப்படிப்பட்டவருக்கு, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் ஆகாது. தடுப்பூசி போட்டுக்கொள்வார், பல் பிடுங்கிக்கொள்வார். கையில் ரப்பர் நாடாவைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்க்கும்போதுதான் காது அடைக்கும், நெற்றி வேர்க்கும். அப்புறம் கண்ணைத் திறக்கும்போது சுற்றி நாலு பேர் நிற்பார்கள்.

முதல் தடவை நடந்தது வேலையில் சேர்வதற்கான மருத்துவப் பரிசோதனையில். "காலையில சாப்பிடலை சார்" என்று சொல்லிச் சமாளித்தார். பாவம் பார்த்து அந்த டாக்டர் கேன்டீனிலிருந்து நாலு இட்லி வரவழைத்துக் கொடுத்தார். ஏற்கெனவே வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டு வந்திருந்தவர், அதையும் சாப்பிட்டார். இரண்டாவது தடவை, மகள் நிஷா பிறந்தபோது. மனைவி ஆனந்தவள்ளிக்கு ரத்தம் தேவைப்படலாம் என்றார்கள். "என்னோடதை எடுத்துக்கோங்க" என்று முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். கையில் ஸ்பிரிட் பஞ்சை வைத்ததும் சாய்ந்துவிட்டார். ஆனந்தவள்ளிக்கென்று பிளாஸ்கில் வந்த காபியை நர்ஸ் இவருக்கு ஊற்றிக் கொடுத்தார். இருபது வருடமாக எந்த விசேஷ வீட்டிலும் அந்தக் காபிக் கதையை ஆனந்தவள்ளி விடுவதில்லை.

ஆனால் டெப்போவில் யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் இருப்பதில் மாத்ருபூதம் குறியாக இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் வருடா வருடம் பார்க்க வேண்டிய சர்க்கரையையும் கொழுப்பையும் அவர் பார்த்ததே இல்லை. ஆனந்தவள்ளி கேட்டால், "லேப்ல கூட்டம். அடுத்த வாரம் போறேன்" என்பார்.

போன மார்ச்சில் டெப்போவிலேயே மருத்துவ முகாம் வைத்துவிட்டார்கள். ஓய்வறையில் மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், வரிசை. தென்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் வைஷ்ணவி என்ற பெண்தான் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். மாத்ருபூதம் கழிப்பறை, டீக்கடை என்று சுற்றி நேரத்தைக் கடத்தினார். அவருடைய பஸ்ஸின் டிரைவர் ஜெய்சங்கர் விடவில்லை. தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைத்தார்.

"நான் இப்பத்தாம்மா சாப்பிட்டேன். இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றார் மாத்ருபூதம்.

"பரவாயில்லைங்க சார். சாப்பிட்டுப் பாக்குற டெஸ்ட்டும் இருக்கு. கையை நீட்டுங்க."

நீட்டினார். டியூப்லைட் இரண்டாகத் தெரிந்தது. ஜெய்சங்கர் ஏதோ சொல்வது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. அவ்வளவுதான்.

கண் விழித்தபோது சிமெண்ட் தரையில் மல்லாக்கக் கிடந்தார். ஜெய்சங்கர் அவருடைய இரண்டு கால்களையும் மாட்டு வண்டி ஏர்க்காலைப் பிடிப்பது போலத் தூக்கிப் பிடித்திருந்தார். சுற்றி நாற்பது பேர். பயம் தெளிந்ததும் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"ஊசி குத்தவே இல்லையே மாத்ரு! அதுக்குள்ள நீயே ரைட் குடுத்துட்டியே!" என்றார் ஜெய்சங்கர்.

வைஷ்ணவி கூட்டத்தை விலக்கிவிட்டு அருகில் உட்கார்ந்தார். "இது மாதிரி முன்னாடி ஆயிருக்கா சார்?"

"இல்லைம்மா. காலையில சாப்பிடலை, அதான்."

"இப்பத்தான் சாப்பிட்டேன்னு சொன்னீங்க?"

மாத்ருபூதம் யோசித்துப் பார்த்தார். வேறு பொய் கிடைக்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. "ஆயிருக்கும்மா. ஒவ்வொரு தடவையும் ஆகுது. யார்கிட்டயும் சொன்னதில்லை."

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு? தைரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. சிலருக்கு இந்த நேரத்துல இதயத் துடிப்பும் பிரஷரும் சட்டுனு இறங்கிடும், மூளைக்கு ரத்தம் குறையும், விழுந்துடுவாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா படுக்க வெச்சே எடுத்திருப்பேன்." அப்புறம் ஒரு வழி சொன்னார். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்க வேண்டும். தொடை, கெண்டைக்கால், வயிறு எல்லாவற்றையும் முகம் சூடாகும்வரை இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். ஊசி போடும் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும்.

"பஸ் வளைவுல திரும்பும்போது கம்பியைப் பிடிக்காம நிப்போம் பாருங்க, அப்பக் காலை இறுக்கிக்குவோமே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான் சார்!"

அது அவருக்குப் பிடித்துப்போனது. தெரியாத வித்தை எதையும் கற்கச் சொல்லவில்லையே. ஒரு வாரம் கழித்து, விடுப்பு நாளில், யாரும் இழுக்காமல் தானாகவே தென்னூருக்குப் போனார். படுத்தார். கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தபடி, ஜெய்சங்கர் பிரேக் அடிக்கிறார், கையில் டிக்கெட் மெஷின், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு கால்களை இறுக்கினார். முகம் சூடேறியது. தளர்த்தினார். இறுக்கினார்.

"முடிஞ்சுது சார்."

"எடுத்துட்டீங்களா?"

"ரெண்டு டியூப் எடுத்துட்டேன். பத்து நிமிஷம் அப்படியே படுத்திருங்க."

வைஷ்ணவி அடுத்த அறைக்குப் போனார். மாத்ருபூதத்துக்குப் பத்து நிமிடம் பொறுக்கவில்லை. ஐம்பத்தொரு வயதில் முதல் வெற்றி! துள்ளி எழுந்து, வரவேற்பு மேஜை வரைக்கும் நடந்து, மனைவிக்குப் போன் போட்டார்.

"வள்ளி! ரத்தம் எடுத்தாச்சு! நான் மயங்கவே இல்..."

ஆனந்தவள்ளிக்குத் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். போனை எடுத்த வைஷ்ணவியிடம், "எந்திரிச்சதும் ஒரு காபி வாங்கிக் குடுத்து அனுப்புங்கம்மா. சர்க்கரை கம்மியா" என்றார்.

பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. மாத்திரை வேண்டாம், வாயைக் கட்டுங்கள், தினமும் நடங்கள் என்றார் டாக்டர். மாத்ருபூதம் இரண்டு மயக்கங்களையும் டெப்போவில் தானே நடித்துக் காட்டினார். ஏற்கெனவே நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு நாள் கழித்து, மெக்கானிக் அப்துல் சுக்கூர் பாய் அவரை டயர் அடுக்குப் பக்கம் கூப்பிட்டார். ஸ்பானர் நழுவி விரல் கிழிந்தால் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிற ஆள் அவர். குரலைத் தாழ்த்தி, "மாத்ரு, காலை இறுக்கணும்னு சொன்னியே, எவ்வளவு நேரம் இறுக்கணும்?" என்றார்.

"பாய், உங்களுக்குமா?"

"மெதுவா பேசு. ஒம்போது வருஷமா டெஸ்ட் எடுக்காம ஓடிக்கிட்டு இருக்கேன்."

அதன் பிறகு டைம் கீப்பர் ரஞ்சித் வந்தார். கரூர் வண்டி டிரைவர் வீரமலை வந்தார். ஒவ்வொருவரும் தனியாக, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டு மாதத்தில் மாத்ருபூதத்தையும் சேர்த்து ஏழு பேர்.

மாத்ருபூதம் வைஷ்ணவிக்குப் போன் செய்தார். "அடுத்த முகாம்ல படுத்துக்கிட்டுக் குடுக்கிறவங்களுக்குத் தனி வரிசை வைக்கலாமாம்மா? படுக்கிறதுக்குக் கோரைப் பாயெல்லாம் நான் கொண்டு வரேன்."

செப்டம்பரில் நடந்த முகாமில் ஓய்வறைச் சுவரோரம் ஏழு கோரைப் பாய்கள் விரிந்தன. ஏழு பேரும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, கால்களை அவரவர் டிபன் பை மேல் தூக்கி வைத்துப் படுத்தார்கள். மாத்ருபூதம் படுத்தபடியே குரல் கொடுத்தார்: "இறுக்கு... பிடி... பிடி... விடு!" வைஷ்ணவி ஒவ்வொரு பாயருகிலும் மண்டியிட்டு ரத்தம் எடுத்துக்கொண்டே வந்தார். சுக்கூர் பாய் மட்டும் கண்ணை இறுக மூடி என்னவோ ஓதிக்கொண்டிருந்தார். எடுத்து முடித்த பிறகும் ஓதினார்.

அந்த நேரம் பார்த்து கிளை மேலாளர் உள்ளே வந்தார். சுவரோரம் வரிசையாகக் கிடந்த ஏழு ஊழியர்களைப் பார்த்ததும் கையிலிருந்த பைல் கீழே விழுந்தது. "ஐயோ! எந்த வண்டிய்யா? எங்க நடந்துச்சு?"

"ஆக்சிடென்ட் இல்லைங்க சார்," என்றார் மாத்ருபூதம், எழாமலே. "இன்னும் ஆறு நிமிஷம் படுக்கணும். அதுக்கு முன்னாடி எந்திரிச்சாத்தான் ஆக்சிடென்ட்."

ஏழு பேரில் ஒருவர்கூட மயங்கவில்லை.

அன்று மாலை டியூட்டிக்குப் போகும்போது முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சை மாத்ருபூதம் எடுக்கவில்லை. சட்டைக் கையை மடித்து, தெரிகிற மாதிரியே விட்டிருந்தார். கம்பரசம்பேட்டை தாண்டியதும், வாழை இலைக் கட்டை மடியில் வைத்திருந்த வேலம்மாள் என்ற அம்மாள், "கையில என்னங்க காயம்?" என்று கேட்டுவிட்டார். மாத்ருபூதம் ஆறு இட்லியிலிருந்து ஆரம்பித்தார். பக்கத்து சீட்டுகளும் திரும்பி உட்கார்ந்தன. கிளை மேலாளர் பைலைக் கீழே போட்ட இடத்துக்குக் கதை வந்தபோது பஸ்ஸே சிரித்தது.

சிரித்து முடித்து வெளியே பார்த்த வேலம்மாள் பதறினார். "ஏங்க, நான் ஜீயபுரத்துல இறங்கணுமே!"

பஸ் அப்போது ஜீயபுரத்தைத் தாண்டி வந்து திருப்பராய்த்துறையில் நின்றுகொண்டிருந்தது. மாத்ருபூதம் இலைக்கட்டைத் தானே தூக்கிக்கொண்டு கூடவே இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, அந்தக் கண்டக்டரிடம், "எங்க தப்புதான்யா, அம்மாவை ஜீயபுரத்துல பத்திரமா இறக்கிவிடு" என்று ஏற்றிவிட்டார். வேலம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தம்பி, அந்தப் பொண்ணு தென்னூர்ல எங்க இருக்குது? என் மருமகனுக்கும் இதேதான்!"