கம்போடியாவில் என் கைப்பைக் கர்ப்பூரம்

லண்டன் ஹரோவில் அந்த வீட்டு முன்னறையில் முறைப்பாட்டுக் கடிதம் வாசிக்கப்பட்டபோது என் வாயில் பாதி வடை இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "வழிகாட்டி எங்கள் சமய உணர்வைப் புண்படுத்தினார். தமிழரின் வரலாற்றை அவமதித்தார். எங்களை வழிபட விடாமல் தடுத்தார்." வாசித்தவர் வீட்டுக்காரர்தான். ஓய்வுபெற்ற கணக்காளர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பெற்றோர் சங்கத்துக்குப் பல வருடம் தலைவராக இருந்தவர்; பதவி போன பிறகும் எல்லோருக்கும் அவர் தலைவர்தான். அவர் வாசிக்க வாசிக்க, சோபாவில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். தொலைக்காட்சியில் எங்கள் கம்போடியாப் பயணத்தின் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கடிதம் யாரைப் பற்றியதோ அந்தப் பெண்ணும் ஒரு படத்தில் நின்றாள். நாற்பது வயதிருக்கும். வெயிலுக்கு ஒரு தொப்பி, கழுத்தில் கட்டம்போட்ட துண்டு, நெஞ்சில் வழிகாட்டி அட்டை. சிரித்துக்கொண்டு நின்றாள். அது காலையில் எடுத்த படம். அதற்குப் பிறகு எடுத்த எதிலும் அவள் சிரிக்கவில்லை.

லண்டனிலிருந்து பதினான்கு பேர் போயிருந்தோம். பாதிப்பேர் ஹரோக்காரர், இரண்டு குடும்பம் குட்மேய்ஸ், லூயிஷாமிலிருந்து நானும் கணவரும். பத்து நாள் சுற்றுலாவில் ஒரு நாள் பழைய கெமர் கோயில்களுக்கும் கிராமங்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு நாளுக்குத்தான் அவள் எங்கள் வழிகாட்டி. எங்களை ஏற்றிப்போன வான் வண்டியில் எனக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்ததால் அதில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பெண்பிள்ளைகள், கணவர் தாய்லாந்தில் கட்டட வேலை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கொரோனாக் காலத்தில் சுற்றுலா படுத்துவிட, இரண்டு வருடம் சந்தையில் மரக்கறி விற்றாளாம். திரும்ப இந்த வேலை கிடைத்ததே பெரிய காரியம்.

"எங்கள் கம்பெனி எல்லாக் கடிதமும் வாசிக்கும், மேடம். ஒரு முறைப்பாடு வந்தால் போதும், இந்த அட்டையைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நான் லூயிஷாமில் கவுன்சில் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடம் முறைப்பாடு கேட்டவள். அவள் சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை.

முதல் கோயில் வாசலிலேயே சண்டை தொடங்கியது. இதைக் கட்டியது இந்த இந்தக் கெமர் அரசன் என்று அவள் விளக்க, எங்கள் தலைவர் கையை உயர்த்தினார்.

"இது எங்கட ராசாக்கள் கட்டினது. இந்த எழுத்தைப் பாருங்கோ, பல்லவ எழுத்து!" எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அவளுக்கு ஆங்கிலத்திலும் சொன்னார்.

அவள் பொறுமையாகத்தான் பதில் சொன்னாள். எழுத்தின் மூலம் தென்னிந்தியாதான், சமயமும் கடல் கடந்து வந்ததுதான், ஆனால் கட்டுவித்த அரசர்களும் கல் சுமந்த கைகளும் இந்த மண்ணுடையவை என்றாள். இதில் என்ன அவமதிப்பு? எழுத்து எங்களுடையது என்றால் கோயிலும் எங்களுடையது என்று வழக்குப் பேசினால், ஹரோ கடைத்தெருவில் ஆங்கில எழுத்தில் பெயர்ப்பலகை போட்ட அத்தனை கடையையும் ரோமாபுரிக்காரர் வந்து கேட்கலாம். நான் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலைவர் மனைவி எனக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். குடைக்காக வாயை மூடினேன்.

மூன்றாவது கோயில் காட்டுக்குள் இருந்தது. சின்னது, பாதி இடிந்தது. உள்ளே, கூரையில்லாத கருவறையில் ஆவுடையாரோடு ஒரு சிவலிங்கம். அதைக் கண்டதும் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கை துடித்தது. பூசை இல்லாமல், விளக்கு இல்லாமல், ஒரு பூக்கூட இல்லாமல் சிவன் இருந்தால் யாழ்ப்பாணத்துச் சனத்துக்குப் பொறுக்குமா? பிறத்தியார் வீட்டுக் குழந்தை குளிக்காமல் நின்றால் பிடித்து இழுத்துக் குளிப்பாட்டுகிற சாதி நாங்கள். ஹோட்டலில் தேநீருக்கு வைக்கிற சின்னச் சின்னப் பால் குப்பிகளை ஒருவர் பையிலிருந்து எடுத்தார். பத்துப் பன்னிரண்டு இருக்கும், எப்போது சேர்த்தாரோ! அதை ஒவ்வொன்றாக உரித்து லிங்கத்தின் தலையில் ஊற்றினார்கள். பிறகு போத்தல் தண்ணீர். பிறகு விபூதி.

"அக்கா, கர்ப்பூரம் இருக்கோ?" தலைவர் என்னைத்தான் கேட்டார்.

இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான். விமானத்தில் கொண்டுபோகக் கூடாத பொருள் என்று தெரிந்தும் சூட்கேசுக்குள் சுருட்டி வைத்து, அன்று கைப்பைக்கு மாற்றியிருந்தேன். வழிகாட்டி கெஞ்சினாள். "இந்தக் கல்லைத் தொடவே கூடாது, மேடம். தயவுசெய்து நெருப்பு வேண்டாம்." அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் பையைத் திறந்து கட்டியை எடுத்துக் கொடுத்தேன். என் சிவனுக்கு நான் கர்ப்பூரம் கொடுக்கிறேன், நீ யார் தடுக்க என்று அந்த நிமிடம் எனக்கும் தோன்றியது. பொய் சொல்லி என்ன பயன்? தோன்றத்தான் செய்தது.

ஆவுடையாரின் விளிம்பில் வைத்துக் கொளுத்தினார்கள். தேவாரம் பாடினார்கள். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது, ஆயிரம் வருடத்து மணற்கல்லில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த பக்தி எங்களுடையது. எல்லோரும் வெளியே போய்ப் படம் எடுத்தார்கள். அவள் முழந்தாளில் இருந்து, கழுத்துத் துண்டை அவிழ்த்து நனைத்து அந்தக் கரியைத் துடைத்தாள். நானும் குனிந்து என் கைக்குட்டையால் துடைத்தேன். வெகுநேரம் துடைத்தோம். கறை அநேகமாகப் போனது.

"காவலாளி பார்க்கவில்லை. இது நமக்குள் இருக்கட்டும், மேடம்" என்றாள். நான் தலையாட்டினேன்.

மத்தியானம் கிராமம். பனைமரத்துப் பதநீர் காய்ச்சி வெல்லம் செய்கிற ஒரு வீடு. "இது எங்கட பனங்கட்டியெல்லோ!" என்று அதையும் எங்கள் ஆட்கள் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கோயில் முடிந்தது, வெல்லம் முடிந்தது, இன்னும் ஒரு மணித்தியாலம் விட்டிருந்தால் மாடு கன்றும் சோழர் கொண்டுவந்ததாகியிருக்கும். அதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் குட்மேய்ஸ்காரப் பெண் ஒருத்தி யாரையும் கேளாமல் அந்த வீட்டு அடுப்படிக்குள் போனாள்.

"என்ன சமைக்கினம் எண்டு பாப்பம்" என்று சட்டி மூடியைத் திறந்து, போனை நீட்டிப் படம் எடுத்தாள். உள்ளே கொஞ்சம் சோறும் ஏதோ கீரையும் இருந்தன. வீட்டுக்காரி சுவரோடு ஒட்டி நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள்.

எனக்குத் தலை கொதித்தது. சண்டைக் காலத்தில் நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோது, பார்வையிட வந்த வெளிநாட்டுக் குழுவில் ஒருவர் இப்படித்தான் எங்கள் சட்டியைத் திறந்து பார்த்துப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். அன்று முழுக்க அம்மா ஒருவரோடும் பேசவில்லை. "மூடு அதை! ஆரின்ரை வீட்டுச் சட்டி அது?" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வானில் திரும்பும்போது ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. வழிகாட்டியோடும் கதைக்கவில்லை. அவள் மட்டும் இறங்கும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இப்போது ஹரோவில் கடிதம். வாசித்து முடித்ததும் பேனா கைமாறியது. ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்தார்கள். கடிதத்தில் பால் இல்லை, கர்ப்பூரம் இல்லை, சட்டி மூடி இல்லை. வாயும் கையும் கட்டி மூலையில் நின்று கும்பிட்ட பதினான்கு அப்பாவிகளை ஒரு பொல்லாத பெண் விரட்டியதாக இருந்தது. வடையை ஒருவழியாக விழுங்கினேன்.

"தம்பி, அந்தக் கல்லைக் கரியாக்கினது நாங்கள். கர்ப்பூரம் என்ரை. அதையும் எழுதுங்கோ" என்றேன்.

"அக்கா, நீங்கள் ஏன் தேவையில்லாத கதை கதைக்கிறியள்? அவள் எங்களைத் தமிழரெண்டு மதிச்சவளோ?"

"அவளுக்கு ரெண்டு பிள்ளையள். இந்தக் கடிதம் போனால் வேலை போயிடும். உங்களுக்கு அதாலை என்ன வரப்போகுது?"

"வரலாறு, அக்கா. எங்கட வரலாறு."

கணவர் என் முழங்கையை இடித்தார். "நீர் பேசாமல் இரும். பிறகு கதைப்பம்." எனக்கு நீட்டிய பேனாவை அவரே வாங்கித் தன் கையெழுத்தை வைத்தார். நான் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். மெட்ரோபொலிட்டன் ரயிலில் அவர் என் எதிர் இருக்கையில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். லூயிஷாம் வரும்வரை நான் அவரைத் திட்டி முடிக்கவில்லை.

அந்தக் கொதிப்பு ஆறுமுன்பே கம்பெனிக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். முறைப்பாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதியே காலம் போக்கியவளுக்கு இது எம்மாத்திரம்? ஒன்று விடாமல் எழுதினேன். பால் ஊற்றியது, கர்ப்பூரம் கொடுத்தது நான்தான் என்பது, அவள் எவ்வளவு கெஞ்சினாள், மற்றவர்கள் வெளியே போனபின் மண்டியிட்டு எப்படிக் கறையைத் துடைத்தாள், காவலாளிகூட அறியாதபடி எங்களை எப்படிக் காப்பாற்றினாள். இப்படியொரு நல்ல மனுசியைத் தண்டித்தால் கடவுளுக்கே பொறுக்காது என்று முடித்தேன். அனுப்பிவிட்டு அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன். வெள்ளிக்கிழமை கோயிலில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். உண்மையைப் பேச இந்தச் சனத்தில் நான் ஒருத்திதான் மிச்சம் என்ற நினைப்பு.

திங்கட்கிழமை பதில் வந்தது. என் நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பாதுகாக்கப்பட்ட கோயிலில் நெருப்பு வைக்கப்பட்டதை வழிகாட்டி தங்களுக்கு அறிவிக்கவில்லை என்றும், தானே கல்லைத் துடைத்து அதை மறைத்தது மன்னிக்க முடியாத குற்றம் என்றும், அவர் இனித் தங்களிடம் வேலை செய்யமாட்டார் என்றும் எழுதியிருந்தார்கள். அடுத்த பயணத்தில் எனக்கு விலைக் கழிவு உண்டாம்.

மூன்று தரம் வாசித்தேன். உடனே இன்னொரு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. தொலைபேசி எடுத்தேன், முடிவு முடிவுதான் என்றார்கள். அவளோடு பேசலாம் என்றால் அவள் நம்பர் என்னிடம் இல்லை. ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்தவளிடம் அதை வாங்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று அழுதேன். கணவர் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தலைவர் போன் எடுத்தார். கம்பெனி அவருக்கும் எழுதியிருந்தது. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா, நீங்கள் கோவிச்சுக்கொண்டு போனதை நான் பிழையா விளங்கியிட்டன். எங்கட பதின்மூண்டு கையெழுத்துக்கும் அவங்கள் 'பார்க்கிறம், பார்க்கிறம்' எண்டுதான் இருந்தவங்கள். உங்கட கடிதம் போனாப் பிறகுதான் அலுவல் முடிஞ்சது."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அந்த மனிதர் கம்போடியாவில் காலையிலிருந்து பின்னேரம் வரை அவிழ்த்துவிட்டது அத்தனையும் பொய். இப்போது சொன்னதில் மட்டும் ஒரு சொல்கூடப் பிழை இல்லை.