கொள்ளுச் செடியில் சிக்கிய கார்

போன வருஷம் மாசி மாதம், கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வரும் தார் ரோட்டில் நடந்தது இது. எங்கள் பக்கத்தில் கொள்ளுச் செடியைப் பிடுங்கினால் ரோட்டில்தான் பரப்புவோம். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கினாலே காய் உடைந்து கொள்ளு உதிர்ந்துவிடும். ஓசியில் வேலை நடக்கும்போது களத்தை யார் தேடுவார்கள்? அன்றைக்கும் முழங்கால் உயரத்துக்குப் பரப்பிவிட்டு, நானும் என் கணவரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது ஒரு கார் வந்தது. பெயின்ட் அடிக்காத சாம்பல் நிறம், என் இடுப்பு உயரம்தான் இருக்கும். தரைக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. செடியைப் பார்த்ததும் தயங்கி நின்றுவிட்டது. ஒதுங்கிப் போக இடமில்லை, ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் பனைமரங்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து போய், "ஒண்ணும் ஆகாதுங்க, வாங்க" என்று கையை வேறு ஆட்டினேன்.

செடியெல்லாம் அடியில் சுருண்டு அடைத்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும் புகை வந்தது, அடுத்து தீ. முப்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர் குதித்து இறங்கி, வண்டியில் இருந்த சின்னத் தீயணைப்பானை எடுத்து அடித்தார். அணைந்த தீ மறுபடியும் பிடித்தது. மனுஷன் ரோட்டில் படுத்து, எரிகிற செடியை வெறுங்கையால் இழுக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் தொரட்டியை எடுத்து வந்து இழுத்தேன். என் கணவர் மருந்தடிக்கும் டேங்கில் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். ஒருவழியாக அணைத்தோம்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. உலகத்திலேயே அந்த மாதிரிக் கார் அது ஒன்றுதானாம். கோயமுத்தூர் பக்கம் ஒரு ஷெட்டில் இவரும் இரண்டு நண்பர்களுமாக ஆறு வருஷமாகத் தகடு தகடாகக் கையால் தட்டிச் செய்தது. அடுத்த வாரம் ஒரு கம்பெனிக்காரர்களிடம் காட்ட வேண்டும். அடியில் வயரெல்லாம் கருகிக் கிடந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. "தப்பு எம் மேலதானுங்க தம்பி, நாந்தான் வரச் சொன்னேன்" என்று அழுதேன். அவர் மறுபடியும் ரோட்டில் படுத்தார். செல்போன் வெளிச்சத்தில் அரை மணி நேரம் அடியில் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"அடியை மூடாம உட்டது எங்க தப்புங்கக்கா. நம்மூரு ரோட்டுல ஓடற வண்டி நம்மூரு ரோட்டத் தாங்கோணுமல்ல?"

மோர் குடித்துவிட்டு, எங்கள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, ஒரு லாரியை வரவழைத்துக் காரை ஏற்றிக்கொண்டு போனார். ஆறுதலுக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம் நாங்கள் ரோட்டில் எதையும் பரப்பவில்லை.

இந்த வருஷம் தை முடியும்போது அவரே போன் செய்தார். "ஏனுங்கக்கா, கொள்ளு எப்பப் புடுங்குவீங்க?" கேலி செய்கிறாரோ என்று பயந்தேன். இல்லை. அடியில் புதிதாகத் தகடு போட்டு மூடியிருக்கிறார்களாம், அதே செடியில் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். அந்தக் கம்பெனிக்காரர்களும் அதன் பிறகு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

ரோட்டில் வேண்டாமென்று, எங்கள் தோட்டத்துக்குள் போகிற தடத்திலேயே, அதே உயரத்துக்குப் பரப்பினோம். என் கணவர் டேங்கோடு நின்றார், நான் தொரட்டியோடு. கூட வந்த நண்பர்கள் இரண்டு பேரும் குனிந்து தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கார்க் கண்ணாடியை இறக்கி, "போன வருஷமாட்டயே கையக் காட்டுங்கக்கா" என்றார்.

எனக்குக் கை எழவில்லை. அவர் காத்திருந்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கையை ஆட்டினேன்.

கார் பத்துத் தடவை போய் வந்தது. குனிந்து பார்த்தேன், அடியில் ஒரு செடிகூட ஒட்டவில்லை. கொள்ளு மட்டும் நன்றாக உதிர்ந்திருந்தது, மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு படி கட்டிக் கொடுத்தேன்.

அவ்வளவு பெரிய தப்பைச் செய்த கையையே நம்பி ஒருவர் தன் ஆறு வருஷ உழைப்பை மறுபடியும் கிளப்பினாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.